யூதாசுக்கு ஒரு மாப்பிள்ளைப் படம்

குப்புராஜ் அண்ணன் பொம்மிடி ரயிலடியில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடுகிறவர். கூத்தோ கல்யாணமோ, அவர் விளக்கு இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒன்றும் விடியாது. நான் தருமபுரியில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. பெங்களூர் மாமா கொடுத்த கேமரா ஒன்று என்னிடம் இருந்தது. "கொஞ்சம் நில்லுங்க, படம் எடுக்கறேன்" என்று யாரிடமும் கேட்கும் நாக்குதான் இல்லை. 1966இல் பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கூத்தில், கேமராவைத் தோளில் மாட்டியபடி நான் வெகுநேரம் சும்மா நிற்பதைப் பார்த்துவிட்டு அவரே கிட்டே வந்தார்.

"ஏம்பா, அந்தப் பொட்டிக்குள்ள என்னா, கட்டுச்சோறா? தொறக்கவே மாட்டேங்கற."

அன்றிலிருந்து நாங்கள் ஜோடி.

வேஷக்காரர்கள் அரிதாரம் கலைக்கும் முன், காலை வெயிலில் அவர்களைப் பிடித்து நிறுத்துவது அவர் வேலை. முகத்தில் நிழல் விழுந்தால் தன் வெள்ளை வேட்டியை அவிழ்த்து, விரித்துப் பிடித்து, வெயிலை அவர்கள் முகத்துக்குத் திருப்புவார். அரைக்கால் டிராயரோடு நிற்கும் அவரைப் பார்த்து துரியோதனனே சிரித்துவிடுவான். சிரிப்பு அடங்குகிற அந்த நொடியில் முகம் திறந்துகொள்ளும். அப்போது நான் அமுக்க வேண்டும்.

ஒரு படம் எடுத்ததும் பிலிமை அடுத்த எண்ணுக்குச் சுற்றிவிட வேண்டும். சுற்றாவிட்டால் ஒரே இடத்தில் இரண்டு படம் விழுந்துவிடும். அந்தச் சுற்று அவருடையது.

"நீ அமுக்கு, நான் சுத்தறேன். ரெண்டு பேரு கையும் பட்டாத்தான் அது நம்ம படம்" என்பார். சுற்றி முடித்ததும் "ஆச்சு" என்று ஒரு சத்தம்.

1968 தவக்காலத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் பாஸ்கா நாடகம். சேசுவின் பாடுகளை ஊர்க்காரர்களே வேஷம் கட்டி நடிப்பார்கள். விளக்கு அண்ணனுடையது. பொழுது சாயும் முன் எல்லோரையும் படம் எடுத்தோம். சேசு, மாதா, பிலாத்து, ஈட்டி பிடித்த சேவகர்கள்கூட வரிசையில் வந்தார்கள். யூதாசு மட்டும் புளியமரத்தடியில் தனியே உட்கார்ந்திருந்தான்.

அவன் பெயர் மதலைமுத்து. வேறு யாரும் முன்வராததால் ஆறு வருஷமாக அவனே யூதாசு. அதனாலேயே இரண்டு இடத்தில் பெண் கொடுக்கவில்லை. ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த முகம் வீட்டில் வேண்டாம் என்று ஒரு பெண்ணின் அம்மா நேராகவே சொல்லிவிட்டாராம்.

"யூதாசு இல்லாட்டி உங்க நாடகம் எப்படிய்யா நடக்கும்? வா இங்க" என்று அண்ணன் கையைப் பிடித்து இழுத்து வந்தார். ஒட்டுத்தாடி, கையில் பணப்பை. அமுக்கினேன். அதே நேரம் மேடையில் ஒரு விளக்கு புகைந்தது. "நீயே சுத்திக்கப்பா!" என்று கத்திக்கொண்டே ஓடினார். நான் மதலைமுத்துவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் முறையாகப் படம் எடுக்கப்பட்ட ஒருவன், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றிருந்தான்.

ஈஸ்டருக்கு மறுநாள் அவனே வந்தான். பொம்மிடி ரயில்வே கேங்மேன் சவரியின் மகள் லூர்தம்மாளைப் பேசுகிறார்கள். பெண் வீட்டில் முதலில் படம் கேட்டிருக்கிறார்கள். அன்றே அவன் பெங்களூருக்குக் கட்டிட வேலைக்குப் போகிறான், திரும்ப மூன்று மாதமாகும். வெள்ளைச் சட்டை போட்டு, கோயில் சுவரோரம் நின்றான்.

"அன்னிக்கு சுத்திட்டயில்ல?" என்றார் அண்ணன்.

தலையாட்டினேன். சுற்றியதாகவே நினைத்தேன். எண்ணைப் பார்க்காமலே அமுக்கினேன்.

ஒரு வாரம் கழித்துப் படம் கழுவி வந்தது. வெள்ளைச் சட்டை மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே தாடி வைத்த யூதாசு எட்டிப்பார்த்தான். மாப்பிள்ளையின் நெஞ்சில் பணப்பை. ஞாயிற்றுக்கிழமைக்குள் படம் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகச் சவரி சொல்லியிருந்தார்.

"கிழிச்சிரலாங்ண்ணா."

"கிழிச்சா படம் இல்லைன்னு சம்பந்தமே போயிரும். இருக்கறதக் காட்டுவோம்."

சவரியின் வீட்டில் படத்தை முதலில் வாங்கியவர் அவர் மனைவி மதலேனம்மாள். பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பின்னால யாருங்க இது, பேயாட்டம்?"

"அதுவும் மாப்பிள்ளைதானுங்க. இவன் அமுக்குவான், நான் சுத்தணும். நான் சுத்தாம போயிட்டேன். தப்பு என்னுது. அந்தப் பையன் மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

சொல்ல வேண்டியது நான். வாய் திறக்கவில்லை.

"யூதாசு வேஷம் போடறான்னு கேள்விப்பட்டேன். அதுக்காவ இப்பிடிக் கூட்டியாந்தா காட்டறது?" என்றார் சவரி.

"ஊருக்காவ ஆறு வருசமா ஏச்சு வாங்கறவனுங்க. பொண்டாட்டிக்காவ வாங்க மாட்டானா?"

தண்ணீர்ச் சொம்போடு வந்த லூர்தம்மாள், அம்மாவின் கையிலிருந்த படத்தைச் சாய்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தாடிதான் வேறம்மா. ரெண்டுலயும் அதே முழி. காட்டிக்குடுக்கற ஆளு முழியா இது? திருவிழாக் கூட்டத்துல தொலைஞ்சு போனவனாட்டம் நிக்கறாரு."

சவரி படத்தை வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "அட, ஆமா" என்றார்.

திரும்பி ரயிலடிக்கு நடக்கையில் சொன்னேன்: "நாந்தாங்ண்ணா சுத்தல."

"தெரியும். நீ தலையாட்டனப்ப நானும் எண்ணப் பாக்கலியே. அதுல பாதி என்னுது."

"மீதிப் பாதிய நான் அங்கயே சொல்லியிருக்கணும்."

"நீ வாயத் தொறக்கறதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு அறுபதாங் கல்யாணம் ஆயிருக்கும். நடப்பா."

ஆகஸ்டில் கல்யாணம் நடந்தது. கல்யாணப் படங்கள் எல்லாம் எண் தவறாமல் எடுத்தோம். ஆனால் லூர்தம்மாள் வீட்டுச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குவது அந்தப் பழைய படம்தான். மதலேனம்மாள் மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் யூதாசின் முகத்தில் காலண்டர் தாள் ஒட்டிவிட்டுப் போகிறாராம். லூர்தம்மாள் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடுகிறாளாம். மதலைமுத்து இன்னும் யூதாசுதான்.

அந்தக் கல்யாணம் முடிந்து ஆறு வருஷமாகிறது. நான் எடுத்த முகங்கள் என்று நாலு பேர் பாராட்டும்போது எனக்குக் கூசுகிறது. அந்த முகங்கள் ஒவ்வொன்றும் அண்ணன் வேட்டி தந்த வெளிச்சம். அன்று பொம்மிடியில் அவர் சொன்ன அந்தப் பொய்யில்தான் என் கேமராவும் தப்பித்தது, நானும் தப்பித்தேன். அதற்கப்புறம் நான் தலையாட்டுவதில்லை. கேமராவின் முதுகில் உள்ள சிவப்புத் துளையை அவர் பக்கம் திருப்பிக் காட்டுகிறேன். கண்ணை இடுக்கி எண்ணைப் படித்துவிட்டு, வேட்டியை இடுப்பில் சுற்றிக்கொண்டே சொல்கிறார்: "ஆச்சு."