எல்போவை எந்தப் பக்கம் திருப்புவது?

“ஏணி எங்க வாசலுக்குள்ள வரக்கூடாது. வந்துச்சுன்னா நானே தூக்கி ரோட்டுல போட்டுருவேன்.”

ஆரோக்கியசாமி ஐயா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏணியின் ஒரு முனை என் தோளில், மறுமுனை என் டீமில் இருக்கும் பாக்யாவின் தோளில். டீம் லீடராக நான் போன முதல் வேலை அது.

ஓசூரில் வீட்டுப் பராமரிப்பு செய்யும் சிறிய கம்பெனி எங்களுடையது. மழைக்கு முன்னால் கூரைக் கட்டரைச் சுத்தம் செய்வதும் டவுன் பைப்பைச் சரிபார்ப்பதும் என் பொறுப்பு. கூரைத் தண்ணீரைப் பிடிக்கிற தகரக் கால்வாய் கட்டர். அதைக் கீழே இறக்குகிற குழாய் டவுன் பைப். தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சிவில் டிப்ளமோ முடித்தேன். இன்று சுமதி என்று பெயர் எழுதிய ஹெல்மெட்டோடு ஏணி ஏறுகிறேன். எங்கள் டீமில் புதிதாகச் சேரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு சுவர், இரண்டு வீடு

இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். இரண்டு ஓட்டுக் கூரைகளும் சுவருக்கு மேலே சரிந்து வந்து சேரும். அந்தப் பள்ளத்தில் ஒரே கட்டர், முன்பக்கம் ஒரே டவுன் பைப். வாசல்களுக்கு நடுவே கல் பலகைகளை நட்டு வேலி போட்டிருந்தார்கள்.

எங்களைக் கூப்பிட்டது ஐயா வீட்டுக்கு அடுத்த வீட்டு ரத்னம்மா. வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். நடுச்சுவரை ஒட்டிய அறைக்குள் அழைத்துப்போய்க் காட்டினார். பெயின்ட் கொப்பளித்து உதிர்ந்திருந்தது.

“அடுத்த மாசம் என் மகளுக்கு டெலிவரி. குழந்தையோட இந்த ரூமுக்குத்தான் வரணும். வேற ரூம் இல்ல. இந்த ஈரத்துல பச்சக் குழந்தைய எப்படிம்மா படுக்க வைக்கிறது?”

அவர் பக்கம் முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இறக்கியிருந்ததால் ஏணி சாத்த வழியில்லை. ஐயாவின் வாசலில்தான் சாத்தியாக வேண்டும். ஆரோக்கியசாமி ஐயா திண்டுக்கல்காரர். இங்கே ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எதற்கும் மசியவில்லை.

“உங்க பக்கம் சுவர் காஞ்சிருக்குங்களா ஐயா?” என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “கேட்டைத் திறந்து விடுங்க! நம்ம பீரோவுக்குப் பின்னாடியும்தான் பூஞ்சை புடிச்சுக் கெடக்கு.”

“உன்னைய யாருடி கேட்டா?” என்று முணுமுணுத்தபடி கேட்டைத் திறந்தார்.

மேலே

கட்டரில் இரண்டு மூட்டை சில்வர் ஓக் இலை, ஒரு ஷட்டில் காக். எல்லாவற்றையும் அள்ளிவிட்டு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன்.

கீழே பைப் முனையில் நின்ற பாக்யா கத்தினாள். “ஏய் சுமதி, ஊத்துனியா, இல்ல நீயே குடிச்சிட்டியா? இங்க ஒரு சொட்டுகூட வரல!”

எட்டிப் பார்த்தேன். டவுன் பைப்பின் வாய் கட்டரிலிருந்து கழன்று விலகி நின்றது. ஊற்றிய தண்ணீர் நேராக நடுச்சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இருந்த இடத்தில் பைப்பைச் சுற்றி வட்டவட்டமாகக் கீறல்.

இறங்கி வந்து, பைப்பின் கீழ் முனையில் தண்ணீரைத் திருப்பிவிடும் எல்போவைப் பிடித்துப் பார்த்தேன்.

“இதை யார் திருப்புறது?”

“அந்தம்மாதான்! என் ரோசாச் செடி மேல திருப்பி விட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி போயிரும்.”

“அவரு மட்டும் சும்மாவா? நான் மார்க்கெட் போயிட்டு வர்றதுக்குள்ள என் வாசல்ல குளம்!”

எல்போவும் பைப்பும் பல வருடம் ஒட்டிக்கிடந்து ஒன்றாகியிருந்தன. கீழே எல்போவைத் திருப்பும்போதெல்லாம் முழு பைப்பும் சேர்ந்து திரும்பி, மேலே கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றிருக்கிறது. அதை அப்படியே சொன்னேன். பாக்யாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் காலை மிதித்தேன்.

கீழே

பைப்பை மேலே ஏற்றிப் பொருத்தி, புது கிளாம்ப் போட்டோம். வேலை முடிந்தது. ஆனால் மறுபடி யாராவது எல்போவைத் திருப்பினால் அந்த அறை மறுபடி நனையும்.

“இப்ப எந்தப் பக்கம் வைக்கட்டும்?”

“அவரு பக்கம்.”

“அந்தம்மா பக்கம்.”

முதலாளிக்குப் போன் செய்தேன். “சண்டை தீக்கிறது நம்ம வேலையில வராதும்மா. கிளம்பி வா” என்றார். கிளம்ப மனம் வரவில்லை.

“குழாயில தண்ணி ஒழுங்கா வருதா இங்க?”

“எங்க வருது? லாரிதான்” என்றார் ஐயா.

“லாரியும் கூப்பிட்ட உடனே வர்றதில்ல” என்றார் ரத்னம்மா. அன்று இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

“அப்ப எல்போவே வேண்டாம். வேலியில இந்த முதல் கல்லை எடுத்துட்டு, அந்த இடத்துல மூடி போட்ட டிரம் ஒண்ணு வைக்கலாம். தண்ணி புடிக்க ஆளுக்கொரு டேப். நிறைஞ்சு வழியற தண்ணிக்கு ரோட்டுச் சாக்கடை வரைக்கும் பைப்.”

ஐயா டிரம் வைக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “டேப்பை நான் மாட்டுறேன். நீங்க மாட்டுனா ஒழுகும்.”

மறுநாள் நாங்கள் போகும்போது டேப் மாட்டி முடித்திருந்தார். ரத்னம்மா அளவு நாடாவோடு நின்றார். “பாரும்மா, அவரு டேப் ஒரு இஞ்ச் கீழ இருக்கு. கடைசித் தண்ணியெல்லாம் அவருக்கா?”

கழற்றி, சமமாக மாட்டச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மாட்டினார்.

மழைக்காலம் பாதி போன பிறகு ரத்னம்மா போன் செய்தார். “காலையிலயே அந்த மனுஷன் நாலு குடம் புடிச்சுட்டாரு. நீ வந்து கேளு.” குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது.

போனேன். டிரம்மைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அறைக்குள் போய்த் தொட்டிலுக்குப் பின்னால் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஏணியைச் சாத்துவதற்கு முன்னால், தண்ணீர் கடைசியில் யார் வாசலில் போய் விழுகிறது என்று பாருங்கள். அங்கே அதற்கு ஒரு இடம் அமைத்துவிட்டால், மேலே போட்ட கிளாம்ப் நிற்கும்.