அம்மாவின் பால்கனி மூலை

அம்மா அலமுவால் ஒரு நிமிஷம் சும்மா உட்கார முடியாது. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் இரண்டு அறை வீட்டில், அப்பளத்துக்கு மாவு இடித்துக்கொண்டே அடுப்பைப் பார்ப்பாள். பால்காரனோடு வங்காள மொழியில் சண்டை போட்டுக்கொண்டே எனக்குத் தலை பின்னுவாள். மாதத்தில் மூன்று நாள்தான் தண்டனை. பால்கனி மூலையில் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். அந்த நாட்களில் அப்பா சமைத்துவிட்டு ஆபீஸ் போவார். அவருடைய ரசத்தை மூலையிலிருந்தே திருத்துவாள்.

ஐம்பதை நெருங்கும்போது அது நின்றது. "விட்டது சனி" என்று சொல்லி, பக்கத்து வீட்டு வங்காளி மாசிமாவுக்குப் பாயசம் கொடுத்தனுப்பினாள்.

இரண்டு வருஷம் கழித்து, 1979 மழைக்காலத்தில், துர்காபூர் ஆலையிலிருந்து லீவில் வந்தேன். பாய் மறுபடி மூலையில் கிடந்தது.

"என்னம்மா இது?"

"திரும்பி வந்துடுத்துடீ. கிட்ட வராதே, மேலே பட்டுடப் போறது."

உள்ளே அப்பாவின் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. ரத்தம் வந்தால் என்ன செய்வது என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும்: பாய், தட்டு, மூன்று நாள், தலைக்குளியல். ஏன் வந்தது என்று கேட்க அந்த முறையில் இடமில்லை.

கேட்டவள் மாசிமா. அடுத்த பால்கனியில் துணி உலர்த்த வந்தவள் வங்காளத்தில் கத்தினாள்.

"தீதி, போன வாரமும் அங்கதானே உக்காந்திருந்தே? நின்னுபோனது எப்படித் திரும்ப வரும்? என் நாத்தனாருக்கும் இப்படித்தான் ஆச்சு. டாக்டர்கிட்ட போ."

அம்மாவும் வங்காளத்திலேயே திருப்பிக் கொடுத்தாள். "உன் நாத்தனார் மீன் தின்னவ. எனக்கு வெறும் சூடு."

"ரத்தத்துக்கு மீன் தெரியுமா, புளி தெரியுமா? கிளம்பு!"

கிளம்பவில்லை. தூரமாக இருக்கும்போது டாக்ஸியில் எப்படி ஏறுவது என்றாள். குளித்தாள், நின்றது. நின்றபின் டாக்டர் எதற்கு என்றாள்.

நான் லீவை நீட்டினேன். அறைக்கும் பால்கனிக்கும் நடந்தேன். அந்த வாரமே புடவையில் மறுபடி கறை. மாசிமாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளை டாக்ஸியில் ஏற்றினோம். "ஊரே பாக்கறது, விடுங்கோடீ" என்று வழியெல்லாம் திட்டினாள்.

"மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆனபிறகு ஒரு சொட்டு வந்தாலும் அது மாதவிடாய் இல்லை" என்றார் டாக்டரம்மா. "முதல் சொட்டுக்கே வந்திருக்க வேண்டும்."

கருப்பையின் உட்சுவரைச் சுரண்டிச் சோதித்தார்கள். புற்று. கருப்பையை எடுத்தார்கள். அதற்குள் அது வெளியே பரவியிருந்தது.

கடைசியில் ரத்தம் நிற்கவேயில்லை. அதனால் அவளைப் பொறுத்தவரை தூரமும் முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரோரம் ஒடுங்கிப் படுத்திருந்தாள். கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், பலமில்லை.

"பட்டுட்டியேடீ... ஆத்துக்குப் போய்க் குளிச்சுட்டு அடுப்பைத் தொடு."

"சரிம்மா."

கையை விடவில்லை. போர்வைக்குள் அவள் கால்கள் நகர்ந்துகொண்டே இருந்தன.

மறுநாள் குளித்தேன். அது வேறு தீட்டுக்கு.