ஆற்றோரம் காயாத வில்

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு அலமாரிக் கதவு உப்பிப்போய் மூட முடியாமல் ஆகிவிட்டது. டோல்கேட் பக்கத்திலிருந்து ஒரு தச்சர் வந்து பார்த்தார். பெயர்ந்திருந்த பலகையை விரலால் தட்டிவிட்டு, "மழ வுடட்டும் சார். இந்த ஈரத்துல ஒட்டினா பசை காயாது. நாளைக்கே புட்டுக்கும்" என்றார். நான் யோசிக்காமல், "ஆமாங்க, ஆத்தோரம் வெச்சா வில்லு காயவே காயாது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் மனைவியும் பார்த்தாள்.

பல வருஷமாக நான் வாயால் சொல்லாத வாக்கியம் அது. இன்னும் சரியாகச் சொன்னால், அது என்னுடைய வாக்கியமே இல்லை. என் பழைய ஆபீஸ் நண்பன் ஆரோக்கியத்துடையது.

கல்மண்டபத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் நானும் அவனும் பக்கத்துப் பக்கத்து மேஜை. கப்பலில் போகிற சரக்குக்கான காகிதங்களை டைப் செய்வதுதான் வேலை. மாடியில் ஆபீஸ், கீழே துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. ஜன்னலைத் திறந்தால் டீசல் வாடை, காற்று திரும்பினால் மீன் வாடை. எங்கள் மேலாளருக்கு இரண்டுமே ஆகாது, அதனால் ஜன்னல் எப்போதும் சாத்தியே கிடக்கும். லாரிகள் நகராத நாட்களில் எங்களுக்கும் வேலை நகராது. அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் நான் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தேன்.

இன்டர்நெட்டில் ஆடுவது. ஆனால் படம் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் ஓடும். 'நீ ஒரு காட்டில் நிற்கிறாய். வடக்கே ஓர் ஆறு. தூரத்தில் ஏதோ உறுமுகிறது' என்று ஆங்கிலத்தில் வரும். வடக்கே போ என்று அடித்தால் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேருவோம். எங்கெங்கோ இருக்கிறவர்கள் அதே காட்டில் அதே நேரத்தில் திரிந்துகொண்டிருப்பார்கள். நான் 'மாவீரன்' என்று பெயர் கொடுத்தேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவன் இருந்ததால் மாவீரன்-2 ஆனேன். முதல் வாரத்தில் என்னை ஒரு கோழி கொன்றது. அந்தக் கதையை விடுங்கள்.

ஆரோக்கியத்தை இழுத்துவிட்டதும் நான்தான். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவனுக்குத் திக்குவாய். சாதாரணத் திக்கல் இல்லை. ஒரு சொல் வெளியே வருவதற்குள் கழுத்து நரம்பு புடைத்துவிடும். ஆபீஸில் போன் அடித்தால் அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். அவன் பேச ஆரம்பித்தால் மீதியை நான் முடித்துவைப்பேன். "டீ சொல்லணுமா?", "ஃபைலு வேணுமா?" என்று. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பேர்ப்பட்டவன் 'சுறா' என்ற பெயரில் அந்த விளையாட்டுக்குள் நுழைந்த அன்றைக்கு எழுதித் தள்ளினான் பாருங்கள், பக்கம் பக்கமாக. ஆங்கில எழுத்தில் நம் ஊர்த் தமிழ். கிண்டல், சண்டை, சர்ச்சில் பாதிரியாரின் குரலைப் பற்றிய நகைச்சுவை எல்லாம். ஆறடி தள்ளி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனை எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியவே தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவன் திரையில் எழுதுவான், நான் வாயால் பதில் சொல்வேன். மேலாளர் கண்ணுக்கு நான் தனியாகப் பேசுகிறவன்.

அந்த ஆட்டத்தில் ஆயுதங்களை நாமே செய்துகொள்ளலாம். வில் செய்ய மரம், கொம்பு, நரம்பு, பசை வேண்டும். மரத்தை ஊறவைத்து, சீவி, ஒட்டி, காயவைக்க வேண்டும். கடைசியில் 'வில் உன் கையில் பாடுகிறது' என்று வந்தால் நல்ல வில். 'வில் முனகுகிறது' என்று வந்தால் விறகு. ஏன் பாடியது, ஏன் முனகியது என்று எங்கேயும் எழுதியிருக்காது. இதைப் பற்றித்தான் எங்கள் கூட்டத்தில் ஓயாத பேச்சு. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்த டில்லிதான் கூட்டத்துக்குத் தலைவன். நாங்கள் இரண்டு பேர், மலேசியா, துபாய் என்று சிதறிக் கிடந்த இன்னும் மூன்று பேர். டில்லி, "எல்லாம் தாயக்கட்ட மாமு. வுழுந்தா வுழும், இல்லாங்காட்டி இல்ல" என்பான். நான் நம் திறமை ஏற ஏறத்தான் வில் பாடும் என்பேன். என் திறமை ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

ஆரோக்கியம் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு வில்லையும் எந்த இடத்தில், எந்தப் பருவத்தில் செய்தான் என்று குறித்துக்கொண்டே வந்தான். மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் திரையில் எழுதினான்: 'தாயமும் இல்ல, தெறமையும் இல்ல. ஆத்தோரம் வெச்சா வில்லு காயவே காயாது. மழைல ஒட்டினா முனகும். மேல மலைக்கு எட்த்துகினு போயி வெயில்ல காய வை. பாடும்.'

போய்ச் செய்தேன். பாடியது. மாவீரன்-2 செய்த ஒரே நல்ல வில் அதுதான்.

அதற்குப் பிறகு எந்தெந்த நாட்டுக்காரர்களோ சுறாவைத் தேடி வந்தார்கள். மலை மேல் அவனுக்கு ஒரு பட்டறை. வருகிறவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்குவான். ஆபீஸில் அப்போதும் போன் அடித்தால் தண்ணீர் குடிக்கத்தான் போனான். ஆனால் திரும்பி வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கூட்டம் ஒரு பறக்கும் மிருகத்தை வேட்டையாடத் தீர்மானித்தது அந்தச் சமயத்தில்தான். அதுவரை யாரும் அதைக் கொன்றதில்லை. எப்போது நெருப்புக் கக்கும் என்று தெரியாமல் செத்துப்போவார்கள். ஆரோக்கியம் அதையும் கண்டுபிடித்தான். இறக்கையை மூன்றாவது தடவை மடித்தால் அடுத்தது நெருப்பு. அப்போது எல்லாரும் பின்னால் வந்துவிட்டால் போதும். ஆறு பேருக்கும் ஆறு வில் அவனே செய்து கொடுத்தான். ஒன்றொன்றும் பல வாரத்து வேலை. நெருப்பில் எரிந்த சாமான் அந்த ஆட்டத்தில் திரும்பக் கிடைக்காது.

டில்லி ஒரு யோசனை சொன்னான். "சண்டைல திரை ஓடற ஓட்டத்துல எவன் எழுதறத எவன் படிப்பான்? மைக்கு மாட்டிக்கலாம். ஆரோக்கியம் மடிப்ப எண்ணிகினே இருக்கட்டும். மூணானா ஒரு வார்த்த சொல்லட்டும். 'வந்துடுங்க'ன்னு. அவ்ளோதான்."

ஆரோக்கியம் டில்லிக்குப் பதில் எழுதவில்லை. எனக்கு மட்டும் எழுதினான்: 'என்னால ஆவாது. நான் உனக்கு எழுதறேன். நீ வாயால சொல்லிடு.' நான் அவனைத் திரும்பிப் பார்த்து, "சரிடா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். மேலாளர் கிளம்பிவிட்டார். ஆளுக்கொரு ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். சண்டை தொடங்கியதும் திரை அருவி மாதிரி கொட்டியது. எனக்குக் கை பரபரத்தது. நான் அம்பு விடுவதிலேயே இருந்தேன். காதில் டில்லியின் குரல்: "சுறா, இன்னாபா ஆச்சு? எப்ப சொல்லுவ?"

அப்போது ஆறடி தள்ளி ஆரோக்கியத்தின் குரல் கேட்டது. "வ… வ… வ…"

இரண்டு வருஷத்துக்கு மேலான பழக்கம். என் வாய் தானாக முடித்து வைத்தது. "வளைச்சிக்க சொல்றான். எல்லாரும் வளைச்சிகினு அடிங்க."

வளைத்துக்கொண்டோம். நெருப்பு வந்தது.

திரை ஒரேயடியாக நின்றுபோனது. செத்தவர்களுக்கு எதுவும் ஓடாது. மேலே தள்ளிப் பார்த்தேன். என் அம்புகளுக்கு நடுவில் அவன் எழுதிய வரி இருந்தது: 'மூணாவது மடிப்பு. வரச் சொல்லு.' எழுதியிருக்கிறான். நான் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்திருக்கிறான்.

டில்லி கோபத்தில் இருந்தான். "ஒரே ஒரு வார்த்த ஆரோக்கியம். அத்த கூட ஒயுங்கா சொல்ல முடில உன்னால?"

ஆரோக்கியம் என்னைப் பார்த்தான். தப்பு என்னுடையது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மைக் என் வாய்க்கு நேராகத்தான் இருந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் அதை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி, அதன் கம்பியை ஒழுங்காகச் சுற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

திங்கட்கிழமை வந்தான். காகிதங்களை டைப் செய்தான். விளையாட்டுக்குள் மட்டும் வரவில்லை. நானும் அவன் வாக்கியங்களை முடிப்பதை நிறுத்திவிட்டேன். அவன் என்னிடம் எதையும் தொடங்கவில்லை. இரண்டு மாதத்தில் எண்ணூரில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நேரில் சொல்லத் துணிவில்லாமல் விளையாட்டுக்குள்ளேயே அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்தான் தப்பாகச் சொன்னேன், டில்லியிடமும் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று. டில்லியிடம் சொன்னது உண்மைதான், ஆனால் அதற்குள் ஐந்து வாரம் ஓடியிருந்தது. கடிதத்தின் பக்கத்தில் 'படிக்கப்படவில்லை' என்று ஒரு குறிப்பு. ஒரு வருஷம் போல அதைப் போய்ப் போய்ப் பார்த்தேன். பிறகு கல்யாணம், வேறு வேலை. விட்டுவிட்டேன். ஆட்டத்தையே மூடிவிட்டார்கள் என்பது கூட எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன் திருவொற்றியூர் ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். தலை நரைத்து, கையில் சாப்பாட்டுப் பையோடு கும்மிடிப்பூண்டி வண்டிக்கு நின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சிரித்தான். நான் ஏதேதோ உளறிவிட்டு, "அன்னிக்கு நான்தான்டா தப்பா சொன்னேன்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். "ப… ப…" என்றான். காத்திருந்தேன். "படிச்சேன்."

"எப்ப?"

"மூ… மூடறதுக்கு முன்னாடி. ப… பதில் எ… எழுதினேன்." இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினான். அவ்வளவு பெரிய பதில்.

நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். வண்டி வந்துவிட்டது. அவசரத்தில் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலமே மெசேஜ் அனுப்பினேன்: 'அந்தப் பதில்ல இன்னாடா எழுதின?'

படித்துவிட்டான் என்று நீல நிறத்தில் இரண்டு டிக் வந்தது. பதில் மறுநாள்தான் வந்தது.

'ஞாபகம் இல்ல. நல்லா இரு.'

ஆட்டத்தை நடத்தியவர்களின் பழைய மின்னஞ்சலுக்கு எழுதிப் பார்த்தேன். அப்படியொரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது.