கல்லில் வந்த இரத்தம்

கணேசமூர்த்தி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அந்த வகுப்பிலேயே இரண்டு வருடம் இருந்ததால், தன்னுடையது ஆறு வருடப் படிப்பு என்று அவரே சொல்லிக்கொள்வார். இறம்பொடைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் மாரியம்மன் கோயிலுக்கு அவரைத் தலைவராக்கியதும் படிப்பைப் பார்த்து அல்ல, தொண்டையைப் பார்த்து. அவர் பேசினால் நாலு லயத்து வீடுகள் தாண்டிக் கேட்கும்.

திருவிழாதோறும் கோயில் பிறந்த கதையை அவர்தான் சொல்வார். அவருடைய தாத்தா கிழங்குப் பாத்தியில் மண்வெட்டி போட்டாராம். பட்ட கல்லில் இரத்தம் வந்ததாம். தாத்தா அப்படியே விழுந்து கும்பிட்டாராம். முதல் வருடக் கதையில் சொட்டாக இருந்த இரத்தம் போன வருடம் ஓடைவரைக்கும் ஓடிவிட்டது. இந்த முறை கும்பாபிஷேகம். கோயிலைக் கண்டவர் குடும்பத்துக்கு முதல் மாலை என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. அது தன் கழுத்துக்குத்தான் என்று கணேசமூர்த்தி ஒரு வாரமாகக் கழுத்தை மழமழவென்று சவரம் செய்துகொண்டிருந்தார்.

கும்பாபிஷேக மலரில் வரலாறு எழுத வினோதா டீச்சர் கொப்பியோடு கோயிலுக்கு வந்தார். கணேசமூர்த்தி இரத்தத்தை ஓடவிட்டார். பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த இராசம்மா சிரித்துவிட்டார். கொழுந்து பறித்தே எழுபத்தெட்டைத் தொட்டவர் அவர்.

“ஏம்ப்பா தலைவரே, கல்லுல எங்க ரத்தம் வந்துச்சு? ஒங்க தாத்தா கால் பெருவெரல்லதான வந்துச்சு!”

“என்னா பெரியம்மா சொல்றீங்க?”

“அது கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க வச்சுக் கும்பிட்ட கல்லு. பாத்தியப் பெருசாக்கணும்னு ஒங்க தாத்தா அதப் பேத்தெடுக்க வந்தாரு. மம்பட்டி வழுக்கிருச்சு. எங்கம்மாதான் இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்கக் கிழிச்சுக் காயத்துக்குக் கட்டுனாங்க. எனக்கு எட்டு வயசு, பக்கத்துலதான் நின்னேன். மனுசன் விழுந்து கும்பிடலப்பா. மயக்கம் போட்டு விழுந்தாரு.”

தாத்தாவின் அரை விரல் கணேசமூர்த்திக்கு நினைவு வந்தது. அது பாம்பு கடித்தது என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்கள். இத்தனை வருடம் ஊரைக் கூட்டி வைத்துத் தான் தொண்டை கிழியக் கத்தியது ஒரு கால் விரலைப் பற்றியா!

டீச்சரின் பேனா நின்றது. “எத எழுதட்டும், தலைவர்?”

பழசையே எழுதுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாலை அவருக்குத்தான். இராசம்மாவும் சண்டைக்கு வரப்போவதில்லை. மறுபடி பூவைக் கட்டத் தொடங்கியிருந்தார். கணேசமூர்த்தி கழுத்தைத் தடவிக்கொண்டார்.

“வெரலையே எழுதுங்க டீச்சர். ஆனா முழு வெரல்னு போட்றாதீங்க, போனது பாதிதான். கோயில் விசயத்துல பொய் சொல்லக்கூடாது பாருங்க.”

கும்பாபிஷேகத்தன்று, கல்லை வைத்த பெண்களுக்காக முதல் மாலை இராசம்மா கழுத்தில் விழுந்தது. விழுந்த கையோடு மழையும் பிடித்துக்கொண்டது. கணேசமூர்த்தி ஓடிப்போய் ஒரு குடையை விரித்து அவருக்குமேல் பிடித்தார்.

“நேராப் புடிப்பா, தலைவரே. மாலை நனையுது.”