அப்பா வாங்கி வந்த வருமானச் சான்றிதழ்

இயற்பியல் எம்.எஸ்சி. படிக்க ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே ஃபீஸ் கிடையாது என்று வீட்டில் சொன்னதுதான் நான் செய்த தப்பு.

இன்று சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் அப்பா எனக்காகக் காத்திருந்தார். கரும்பு வெட்டும் வேலைக்கு இரண்டு நாளாகப் போகாமல் தாலுகா ஆபீசுக்கு நடந்திருக்கிறார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினார்.

உள்ளே வருமானச் சான்றிதழ்.

"ஃபீஸ் இல்லாத காலேஜ்னா இதத்தான பாப்பா மொதல்ல கேப்பாங்க. இதுக்கு மேல கம்மியா போட முடியாதுன்னுட்டாங்க. போதுமா?"

பள்ளிக்கூடத்திலிருந்து பி.எஸ்சி. வரை என்னைப் படிக்க வைத்தது இந்தக் காகிதம்தான். அதனால் அவர் கேட்டதில் தப்பே இல்லை.

ஆனால் விசா வேண்டுமென்றால், ஒரு வருடம் அங்கே தங்கிச் சாப்பிடுவதற்கான பணம் பேங்க்கில் இருப்பதாக நான் காட்ட வேண்டும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"போதும்ப்பா" என்றேன்.

"மடிக்காம எடுத்துக்கினு போ" என்றார்.

பணம் இல்லை என்று காட்டினால் சேர்த்துக்கொள்ளும் நாடு ஏதாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். சான்றிதழை மடிக்காமல் வைத்திருக்கிறேன்.