கழக்கூட்டம் பஸ்ஸில் பொதுப் பட்டியல்

இன்று காலை பஸ்ஸில் ஒரு விவாதத்தில் தோற்றேன். சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை!

கழக்கூட்டம் போக கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் ஏறியபோது பக்கத்து சீட்டில் ஒரு நாகர்கோவில்காரர். பேப்பரைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "கேந்திரம் சொன்னா ஸ்டேட் கேட்டுத்தான் ஆவணும், பாத்துக்கிடுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "அதெப்படி அண்ணாச்சி? கல்வி ஸ்டேட் லிஸ்ட். அதுல டெல்லி கை வைக்கவே முடியாது" என்று குரலை உயர்த்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டர் பெண் அப்படியே நின்றுவிட்டார். மலையாளம் கலந்த பாறசாலைத் தமிழ் அவருக்கு.

"சாரே, ரெண்டு பேரும் தப்பாக்கும். கல்வி ஸ்டேட்டுக்கு இருந்தது பண்டு. இப்போ பொதுப் பட்டியல். கேந்திரத்துக்கும் ஸ்டேட்டுக்கும் சட்டம் போடலாம். மோதினா கேந்திரத்துச் சட்டம் நிக்கும். ஜனாதிபதி சம்மதம் கிட்டினா மட்டும் ஸ்டேட் சட்டம் இங்க நிக்கும்."

"அப்போ கடைசியில டெல்லிதானே?" என்றார் அண்ணாச்சி, வெற்றிக் களிப்போடு.

"எல்லாத்துக்கும் இல்ல. போலீஸ் ஸ்டேட் லிஸ்டாக்கும். சாதாரணமா அதுல கேந்திரத்துக்குச் சட்டம் போட முடியாது."

பின்சீட்டில் யாரோ கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அண்ணாச்சி கூடத் தட்டினார்!

"எங்கே படிச்சீங்கம்மா இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"ஈவினிங் லா காலேஜ் சாரே, மூணாம் வருஷம். பாக்கி டிக்கெட் கொடுக்கட்டா?"

இறங்கும்போது, "வக்கீல் மேடம், வரட்டுமா?" என்றேன். முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு.

ஒரே ஒரு சந்தேகம் நண்பர்களே. போன வாரம் இதே பக்கத்தில் கல்வி மாநிலப் பட்டியல் என்று நீட்டி முழக்கினேனே, அதற்கு அத்தனை பேர் லைக் போட்டீர்களே, ஒருத்தராவது திருத்தியிருக்கக் கூடாதா?