பச்சையப்பனின் வழவழக் குழல்

“உள்ளே மரை வெட்டின துப்பாக்கிக் குழல், கண்ணு தெரியாதவன் மாட்டுற கண்ணாடிலா! எனக்கு வழவழக் குழலே போதும்.”

லகாட் ரப்பர் தோட்டத்தில் பச்சையப்பன் செய்த பிரகடனம் இது. அந்நாளில் குழல்வாயில் மருந்தும் குண்டும் கெட்டித்து அவர் கிளம்பினால், மாலையில் லயத்து வீடுகளெல்லாம் பன்றிக்கறி மணக்கும். இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பன்றிகள் மட்டும் பழைய பாசம் மாறாமல் அவருடைய மரவள்ளியைத் தோண்டுகின்றன.

நேற்று குறி பார்த்துச் சுட்டார். பன்றி சாவகாசமாக நடந்து போனது.

“பன்றி பொழைச்சிருச்சு மச்சான், தண்ணி வாளிதான் செத்துப்போச்சு!” என்றார் பக்கத்தில் நின்ற கூட்டாளி தர்மா.

இன்று மிச்சமிருந்த மரவள்ளிக்குள் பன்றி மறுபடி புகுந்தது. குண்டைச் சுழற்றி நேரே அனுப்பும் தர்மாவின் மரைக் குழல் துப்பாக்கியை நோக்கிப் பச்சையப்பன் மெல்லக் கை நீட்டினார்.

“மச்சான், அந்தக் கண்ணாடிய இப்படிக் கொடுலா.”